ரோட்டை முதல்ல சொல்லுங்க, கூடாரத்த அப்புறம் அடிக்கலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஸ்கூல் லீவுக்கு கேம்பிங் போறவங்களுக்குன்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. கோலாலம்பூருக்கு கிட்ட இருக்குற இடமா பாத்து, ஆறு இருக்கா, டாய்லெட் சுத்தமா, கூடாரம் வாடகைக்கு கிடைக்குமா, எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, அதுல குறை இல்ல. ஆனா எப்படி போறதுன்னு வர்ற இடத்துல எல்லாத்துக்கும் ஒரே பாட்டு, ஹைவேல ஏறுங்க ஒரு மணி நேரத்துல போயிடலாம்னு. அங்கதான் எனக்கு ஒத்துக்கல.

எங்க வீட்டுல காடி ஓட்டுறது நான். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை, பக்கத்து சீட்ல உக்காந்து டோல் தாண்டுறதுக்குள்ள தூங்கிடுவாரு. பின்னால பிள்ளைங்க, அவங்களுக்கு நடுவுல மாமியார், டிக்கில கூடாரம் அடுப்பு ஐஸ் பெட்டி. அதனால ரோடு விசயத்துல எனக்கு கொஞ்சம் ஓவராவே கருத்து உண்டு, பொறுத்துக்குங்க. சனிக்கிழமை போயி ஞாயித்துக்கிழமை திரும்புற கேம்பிங்ல பாதிநேரம் காடிக்குள்ளதான் போகுது, அந்த பாதிய டோல்லயும் ஜாம்லயும் தொலைச்சிட்டு அங்க போயி ஆத்துல காலை வச்சுக்கிட்டு ஆஹான்னு சொல்றதுல என்ன இருக்கு? எங்க வீட்டுல முதல்ல எந்த ரோடுன்னு பேசுவோம், அப்புறம் அந்த ரோட்டு மேல கேம்ப் இடம் எங்க இருக்குன்னு தேடுவோம். இதை உங்க வாசகர்களுக்கும் சொல்லணும்னுதான் இந்த கடிதம்.

நம்ம ஊருக்கு ஒரு வசதி, கிழக்கயும் வடக்கயும் தித்திவங்சா மலை, மேற்க கடல். செலாயாங்ல இருந்து கிளம்புனா அரை மணி நேரத்துல காடு வந்துருது. இப்படி ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு எல்லாரும் ஒரே காராக் ஹைவேல போயி சனிக்கிழமை காலையில கோம்பாக் டோல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு அர்த்தமே இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்சது கோலகுபு பாரு வழியா பிரேசர் மலை பக்கம் ஏறுற 55ஆம் நம்பர் ரோடு. அதுக்கு போறதுக்கே நான் வடக்கு தெற்கு ஹைவேய தொடமாட்டேன், பழைய 1ஆம் நம்பர் ரோடு, செலாயாங் தாண்டினதும் தெம்பளர் பார்க் பக்கத்துல அந்த சுண்ணாம்பு மலை ரோட்டை ஒட்டி எழும்பி நிக்கும், அப்புறம் ரவாங் பைபாஸ், 2017ல திறந்தது, டோல் கிடையாது, காட்டுக்கு மேல தூண் போட்டு பாலமா கட்டியிருக்காங்க, காலையில போனா மரத்து உச்சிக்கு நேரா நம்ம காடி போகும். பைபாஸ் வர்றதுக்கு முன்னால ரவாங் டவுனுக்குள்ள மாட்டினவங்களுக்கு அதோட அருமை தெரியும். அங்கிருந்து செரண்டா, பத்தாங் காலி, ராசா. மாமியார் பொறந்து வளந்தது இந்த பக்கத்து ரப்பர் தோட்டத்துல, லயத்து வீடு. இப்ப அங்க வீடமைப்பு தாமானும் செம்பனை தோட்டமும்தான், ஆனாலும் அந்த வளைவு வந்ததும் பேச்சு தானா ஆரம்பிச்சிடும், இங்கதான் கோயிலு, இங்கதான் பால் நிறுக்குற கொட்டாயி, இங்கதான் உங்க தாத்தா சைக்கிள்ல விழுந்தாருன்னு. பிள்ளைங்க போனை கீழ வச்சுட்டு கேக்குறது அந்த இடத்துல மட்டும்தான். ஹைவேல போனா அந்த கதை வராது, ஏன்னா ஹைவேல இருந்து பாத்தா எந்த இடமும் எந்த இடம்னே தெரியாது.

கோலகுபு பாருல இறங்கி காப்பி குடிங்க, பெட்ரோல் நிரப்பிக்கங்க, அதுக்கு மேல மலையில பெட்ரோல் ஸ்டேசனை நம்பி போகாதீங்க. சின்ன ஊருதான், ஆனா ஒழுங்கா திட்டம் போட்டு கட்டின ஊரு. பழைய கோலகுபுல 1883ல அணை உடைஞ்சு ஊரே வெள்ளத்துல போச்சு, அதுக்கப்புறமும் வெள்ளமும் மண்ணும் விடாம வந்துக்கிட்டே இருந்ததால வெள்ளைக்காரன் காலத்துல மேட்டுப்பக்கமா புது ஊரு கட்டி ஜனங்கள மாத்தினாங்க. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல சிலாங்கூர் ஆத்து அணை. ரோடு அணைத்தண்ணிய ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு போகும், ஏழரை எட்டு மணிக்கு போனீங்கன்னா தண்ணி மேல மூடுபனி கிடக்கும், வெயில் ஏற ஏற அது கிழிஞ்சு கிழிஞ்சு மலை மேல ஏறும், கீழ தண்ணி பச்சையா தெரிய ஆரம்பிக்கும். இதை பாக்கணும்னா காலையிலயே போகணும், பதினொரு மணிக்கு போனா வெறும் தண்ணிதான். அங்க குரங்கு ஜாஸ்தி, கண்ணாடிய இறக்கிட்டு ரொட்டிய கையில வச்சுக்கிட்டு இருந்தா ரொட்டி உங்களுது இல்ல.

அணை தாண்டினா பெர்தாக், அங்க ஓராங் அஸ்லி பூர்வகுடி ஜனங்களோட கிராமம் இருக்கு, ஆத்தோரமா கேம்ப் போடுறவங்க நிறைய பேரு இந்த பக்கத்துலதான் போடுவாங்க. இன்னும் மேல போனா தி கேப், சிலாங்கூர் பகாங் எல்லை, அங்கிருந்து பிரேசர் மலை உச்சிக்கு 8 கிலோமீட்டர். ரோடு முழுக்க இடியாப்பம் பிழிஞ்ச மாதிரி வளைவு, ரெண்டு பக்கமும் மரம் மூடி குளிருக்கு ஏசிய அடைச்சுட்டு கண்ணாடிய இறக்கிடலாம். என் மகன் ஸ்கூல் ஹிஸ்டரி புக்குல படிச்சிருக்கான், 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னிய கம்யூனிஸ்ட் ஆளுங்க மறைஞ்சிருந்து சுட்டது இந்த ரோட்டுலதான். புக்குல படிச்சப்ப அவனுக்கு அது மார்க்கு வாங்குற ஒரு வரி. அந்த வளைவுங்கள்ல போகும்போதுதான் "மா, இங்க மறைஞ்சு நின்னா யாருக்குமே தெரியாதுல" ன்னான்.

பழைய கோம்பாக் ரோடு, 68ஆம் நம்பர், அதுவும் நல்ல ரோடுதான். 1970கள் கடைசியில கெந்திங் செம்பா குகைப்பாதையோட காராக் ஹைவே வர்ற வரைக்கும் பெந்தோங் போற பஸ்ஸு லோரி எல்லாம் இதுலதான் போச்சு. ஜண்டா பாய்க்ல கேம்ப் போடுறவங்க போகும்போது இதுல போயி வரும்போது ஹைவேல வரலாம். காலையில சைக்கிள்காரங்க கூட்டம் கூட்டமா ஏறுவாங்க, பொறுமையா பின்னாலயே போங்க, ஹார்ன் அடிக்காதீங்க. ராத்திரியில இதுல போகவே வேணாம், லைட்டு கிடையாது.

பத்து மலைல இருந்து சுங்கை துவா வழியா உலு யாம் போற ரோடும் இதே கணக்குதான். முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அப்படியே பின்பக்கமா பூந்தா கொஞ்ச நேரத்துல பத்து அணை, காடு, ஆறு. தூரம் குறைச்சல், அதனால சின்ன பிள்ளை வச்சிருக்கவங்களுக்கு முதல் கேம்பிங்குக்கு இதைத்தான் சொல்லுவேன். என்ன ஒண்ணு, ஞாயித்துக்கிழமை காலையில பெரிய மோட்டர் சைக்கிள் வச்சிருக்க பசங்க அந்த ரோட்டை ரேஸ் டிராக்குன்னு நினைச்சுக்கிட்டு வளைவுல கோட்டை தாண்டி நம்ம பக்கம் படுத்துக்கிட்டு வருவாங்க. சனிக்கிழமை போங்க.

உலு லங்காட் பத்தி உங்க பக்கத்துல எழுதியிருந்தாங்க, ஆனா காஜாங் வழியா போகச் சொல்லி இருந்தாங்க, அது எதுக்குன்னு தெரியல. அம்பாங்ல இருந்து மலை மேல ஏறி லுக்அவுட் பாயிண்ட் வழியா இறங்குங்க, கோலாலம்பூர் மொத்தமும் கீழ தெரியும், இரட்டை கோபுரத்துல இருந்து எல்லாம். இறங்கினா உலு லங்காட், பத்து 14, பத்து 18ன்னு மைல்கல் கணக்குல ஊரு பேரு வரும், சுங்கை சொங்காக், காபாய் நீர்வீழ்ச்சி எல்லாம் அந்த பக்கம்தான். ராத்திரி அங்க தங்கிட்டு மறுநாள் வந்த வழியே திரும்பாம தெற்கால தெக்காலா, செமினி அணை வழியா செமினில இறங்கி, அப்ப வாங்க காஜாங்குக்கு, சாத்தே சாப்பிட்டுட்டு வீட்டுக்கு. ஒரு வட்டம் அடிச்ச கணக்கா இருக்கும், ஒரே ரோட்டை ரெண்டு தடவை பாக்க வேண்டியதில்ல.

இவ்வளவு மலை சொல்லிட்டேன், ஆனா எங்க மாமியாருக்கு வளைவு ஆகாது. மூணாவது வளைவுலயே எலுமிச்சம்பழத்த மூக்குகிட்ட கொண்டு போயிடுவாங்க. டாக்டர் சொன்னது என்னன்னா, கண்ணு காடிக்குள்ள இருக்குற சீட்டையும் போனையும் பாத்து நாம ஆடலைன்னு சொல்லுது, காதுக்குள்ள இருக்குற பாகம் ஆடுறோம்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப்போகாம வயித்த கலக்குது. அதனால வாந்தி வர்றவங்கள முன்சீட்ல உக்கார வச்சு தூரமா ரோட்டை பாக்க சொல்லணும், பிள்ளைங்க கையில இருந்து போனை வாங்கிடணும், காலையில வயிறு முட்ட நாசி லெமாக் குடுக்கக்கூடாது. இப்ப மலைக்கு போனா வீட்டுக்காரருக்கு பின்சீட்டு, அங்கயும் தூங்குறாரு.

அத்தை கூட வர்றாங்கன்னா பாதி தடவை நாங்க கடல் பக்கம்தான். 5ஆம் நம்பர் ரோடு, கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், ஒரு மேடு கிடையாது, நூல் பிடிச்சு போட்ட ரோடு. வடக்க போகும்போது கடல் இடது பக்கம், வயல் வலது பக்கம், நாம இடது பக்கமா ஓட்டுறதால கடற்கரைக்கு திரும்புறது சுலபம், வயலுக்கு திரும்பும்போது எதிர்ல வர்ற லோரிய பாத்துட்டு திரும்புங்க. வயலை பாக்க போறவங்களுக்கு ஒரு வார்த்தை, அங்க வருசத்துக்கு ரெண்டு போகம். நட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல போனா பச்சைன்னா பச்சை கண்ணை விட்டு போகாது, அறுவடை முடிஞ்சு போனீங்கன்னா வைக்கோலும் சேறும்தான், அதை பாத்துட்டு ஊரே சரியில்லன்னு வந்து சொல்லாதீங்க. அங்க தங்குற இடத்துக்கு ஒரு போன் போட்டு வயலு என்ன நெலமைல இருக்குன்னு கேட்டுட்டு கிளம்புங்க. வழியில கோல சிலாங்கூர்ல புக்கிட் மெலாவாத்தி ஏறி பாருங்க, அந்த சாம்பல் கலரு லுத்தோங் குரங்கு, அம்மா கருஞ்சாம்பலா இருக்கும் அது மடியில ஒட்டிக்கிட்டு இருக்குற குட்டி மட்டும் சுத்த ஆரஞ்சு கலரு, எங்க சின்னவ அது வேற குரங்கோட பிள்ளைன்னு சண்டையே போட்டா. ராத்திரி கம்போங் குவாந்தான்ல மின்மினி பாக்க படகு இருக்கு, நிலா இல்லாத ராத்திரியா பாத்து போனா நல்லா தெரியும், மழை வந்தா காசு வேஸ்ட்.

போன் மேப் பத்தி சொல்லணும். அதுக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, சீக்கிரம் போறது. இடத்த அடிச்சதும் அது ஹைவேலதான் தள்ளும், செட்டிங்ல டோல் வேணாம் ஹைவே வேணாம்னு ஒரு பட்டன் இருக்குதான், ஆனா அதை தட்டிவிட்டா ஊருக்குள்ள எல்லா சிக்னல்லயும் நிக்க வச்சு சந்து சந்தா கூட்டிட்டு போகும், அதுவும் ரோதனை. நான் பண்றது, போற இடத்த ஒரேயடியா அடிக்காம துண்டு துண்டா அடிக்கிறது. முதல்ல செரண்டா, அங்க போனதும் கோலகுபு பாரு, அப்புறம் தி கேப். அப்ப வேற வழி இல்லாம அது நம்ம ரோட்டுலதான் வரும். மலைக்குள்ள போனா லைன் கிடைக்காது, அதனால வீட்டுலயே மேப்பை டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க, தங்குற இடத்து ஆளோட நம்பரை ஒரு பேப்பர்லயும் எழுதிக்கங்க.

பழைய ரோடுன்னா போகும்போது மட்டும். வரும்போது பிள்ளைங்க துணியெல்லாம் ஈரம், எல்லாருக்கும் தூக்கம், ஓட்டுறவங்களுக்கும்தான், அப்ப ஹைவேல ஏறி பேசாம வீட்டுக்கு வந்துடுங்க, அதுக்குத்தானே டோல் கட்டுறோம். கட்டாயம் பழைய ரோட்டுல இறங்கித்தான் ஆகணும்னா ரெண்டு மணிக்குள்ள இறங்கிடுங்க. நம்ம பக்கம் ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர்ல சாயங்காலம் ஆனா இடியோட கொட்டும், மலை ரோட்டுல இலையும் மண்ணும் தண்ணியும் சேந்து ஓடும். இறக்கத்துல குனா கியர் ரெண்டா, அதாவது கியரை குறைச்சு ஓட்டுங்கன்னு மலாய்ல போர்டு வச்சிருப்பாங்க, அதை யாரும் மதிக்கிறதில்ல, ஆட்டோ கியர் காடின்னா D கியர்லயே விட்டுட்டு பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றது, கீழ வந்து சேரும்போது கருகின வாடை வரும், அது பிரேக் சூடேறின வாடை. கியரை குறைச்சு இஞ்சினையே இழுத்து பிடிக்க விடுங்க. பகாங் பக்கம் ராத்திரியில தாப்பிர் குறுக்க வரும், பாதி கருப்பு பாதி வெள்ளை, இருட்டுல லைட்டு அடிச்சாலும் கிட்ட வர்ற வரைக்கும் அது ஒரு மிருகம்னே தெரியாது.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விசயம். 2022 டிசம்பர் 16 விடியக்காலையில பத்தாங் காலி கெந்திங் ரோட்டோரத்துல ஒரு கேம்ப் மேல மலை சரிஞ்சதுல 31 பேரு போயிட்டாங்க, பிள்ளைங்க உட்பட, எல்லாம் நம்மள போல லீவுக்கு போன குடும்பங்க, கூடாரத்துக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்தவங்க. தொடர் மழையில ஊறின சரிவுன்னு விசாரணையில சொன்னாங்க, அந்த இடத்துக்கு கேம்ப் நடத்த லைசென்ஸ் இல்லைன்னு அதிகாரிங்க அப்பவே சொன்னாங்க. மண்ணு ரோட்டு மட்டத்துல இருந்து பிச்சுக்கிட்டு கீழ கேம்ப் மேல விழுந்துச்சு. அழகான மலை ரோடுன்னு நான் மேல எழுதினதெல்லாம் சரிவை வெட்டி போட்ட ரோடுங்கதான், அதனால இதை சொல்லாம விட்டா நான் எழுதினது பாதி பொய். அதுலருந்து நாங்க ரோட்டுக்கு நேர் கீழ, வெட்டின சரிவுக்கு அடியில இருக்குற எந்த இடத்துலயும் தங்குறதில்ல, எவ்வளவு அழகா இருந்தாலும். புக்கிங் பண்ணும்போதே லைசென்ஸ் இருக்கான்னு கேப்பேன், சில பேரு கோவப்பட்டு போனை வச்சிடுவாங்க, சரி அப்ப அங்க போகல, அவ்வளவுதான். முந்தின நாளுங்கள்ல விடாம மழைன்னா மலைய விட்டுட்டு கடல் பக்கம் போயிடுவோம், அத்தைக்கும் சந்தோசம்.

ஆத்தோரமும் அப்படித்தான், கெப்பாலா ஆயேர்னு சொல்லுவாங்களே, மலையில இருந்து திடீர்னு வர்ற வெள்ளம், நம்ம தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேல மலையில கொட்டியிருக்கும், தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கி இலையும் குச்சியும் அடிச்சுக்கிட்டு வந்தா துண்டு செருப்பு எதையும் தேடாம பிள்ளைய தூக்கிட்டு மேட்டுக்கு ஏறிடணும். உங்க பக்கத்துல ஆத்துல குளிக்கிற பிள்ளைங்க படம் பெருசா போட்டிருந்தீங்க, அதுக்கு கீழ இதை ரெண்டு வரி போட்டிருக்கலாம்.

கடைசியா ஒரு வேண்டுகோள், பேப்பருக்கு பாதி, உங்க மூலமா பொறுப்புல இருக்குறவங்களுக்கு பாதி. இந்த மலை ரோடுங்கள்ல வண்டிய ஓரங்கட்டி நிறுத்த இடம் பத்தல, நல்ல காட்சி இருக்குற இடத்துலயெல்லாம் ஜனங்க வளைவுலயே காடிய போட்டுட்டு போட்டோ எடுக்குறாங்க, பின்னால வர்றவனுக்கு தெரியாது. நாலு காடி நிக்கிற அளவுக்கு ஒதுக்கிடம், ஒரு டாய்லெட், ஒரு குப்பைத்தொட்டி, அதுவும் குரங்கு திறக்க முடியாத மூடியோட, இது பெரிய செலவு ஒண்ணும் இல்ல. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு டாய்லெட் எங்க இருக்குங்கிறதுதான் முதல் கேள்வி, காட்சியெல்லாம் அப்புறம்.

பேப்பருக்கு சொல்றது சின்னதுதான். மண்ணு சரிஞ்சா 55ஆம் நம்பர் ரோட்டையும் மத்த மலை ரோடுங்களையும் மூடுவாங்க, சில தடவை மாசக்கணக்குல மூடியே கிடக்கும், அது அங்க போயி தடுப்பு பலகைய பாத்தாத்தான் நமக்கு தெரியுது. லீவு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரம் எந்த ரோடு திறந்திருக்கு எது மூடியிருக்குன்னு பொதுப்பணி இலாகாவுல கேட்டு ஒரு பெட்டிச் செய்தி போடுங்க. நான் அதை கத்தரிச்சு டேஷ்போர்டுல வச்சிக்குவேன், எங்க தாமான்ல இன்னும் நாலு வீட்டுக்கும் படம் எடுத்து அனுப்பி விடுவேன்.

இப்படிக்கு,
காடி ஓட்டும் வாசகி,
செலாயாங்.